கிணற்றுத் தண்ணீரில் ஈயம் தேடிய ஏழு மாதங்கள்

காலையில் முதல் குடம் பிடிக்கும்போது தண்ணீர் தெளிவாகத்தான் வரும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் குடத்தின் அடியில் செம்மண் கரைத்ததுபோல ஒரு படிவு கிடக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வெள்ளம் கொள்ளாது மக்களே, துரு மணம் அடிக்குது" என்றார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் செம்புரைக்கல்லை வெட்டித் தோண்டிய கிணறு இது. மேலே ரப்பர், கீழே வாழை, அதற்கும் கீழே ஏலா, அதாவது வயல். ரப்பருக்குச் செம்பு கலந்த பூஞ்சை மருந்து அடிக்கிறார்கள், வாழைக்கு உரம் போகிறது. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். எதை, எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாததற்குக் கொடுத்த விலை ஏழு மாதமும் ஏறக்குறைய 47,000 ரூபாயும். பணத்தைக்கூட விடலாம். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் கொடுக்கும்போதும் அடிவயிற்றில் இருந்த பயத்தை யாரும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, 'ஃபுல் டெஸ்ட்' என்ற சொல்லை நம்பியது. கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, அடுக்களைக் குழாயில் பிடித்து, ஒரு லேபில் கொடுத்தோம். 2,200 ரூபாய். ரிப்போர்ட்டில் இருபது வரிகள்: பி.எச். 5.9, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 85, இரும்பு 0.6 மில்லிகிராம், அப்புறம் கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு. ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம், நிக்கல், பாதரசம் ஒன்றுமே இல்லை. இரும்பைத் தவிர வேறு உலோகத்தைப் பார்க்கவே இல்லை என்பது புரிய இரண்டு வாரம் ஆனது. ஊராட்சிகளில் வைத்திருக்கும் கள ஆய்வுப் பெட்டியும் இப்படித்தான். நிறம் மாறுவதை வைத்து இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் காட்டும், ஈயத்தைக் காட்டாது. ஆகவே லேபுக்குப் போகும்போது உலோகங்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். நம் மாவட்டத்துக்கு நான் எழுதும் பட்டியல் இது: இரும்பு, மாங்கனீசு, ஈயம், காட்மியம், ஆர்சனிக், மொத்தக் குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம், அலுமினியம். கடற்கரைப் பக்கம் இருந்தால் யுரேனியத்தையும் சேர்க்க வேண்டும். பாதரசத்துக்குத் தனிப் பாட்டில், தனிப் பதப்படுத்தல் வேண்டும். சந்தேகப்படக் காரணம் இருந்தால் மட்டும் கேட்டால் போதும்.

அந்த முதல் ரிப்போர்ட்டில் ஒரு எச்சரிக்கை இருந்தது, நாங்கள்தான் வாசிக்கத் தெரியாமல் விட்டோம். பி.எச். 5.9. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கேட்பது 6.5 முதல் 8.5 வரை. செம்புரைக்கல் பகுதிக் கிணறுகளில் தண்ணீர் இப்படிப் புளிப்புப் பக்கம் சாய்ந்திருப்பதும், உப்பு மிகக் குறைவாக இருப்பதும் சாதாரணம். குடிக்க இனிமையாக இருக்கும். ஆனால் இந்த மாதிரித் தண்ணீர் போகும் வழியில் உள்ள உலோகத்தைக் கரைக்கும்: பித்தளைக் குழாயில் உள்ள ஈயம், ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு, அந்தப் பூச்சில் கலப்படமாக இருக்கும் ஈயமும் காட்மியமும். பழைய பி.வி.சி. பைப்பிலும் ஈயம் கலந்த நிலைப்படுத்தி இருக்கலாம். அதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதி 2021-இல்தான் வந்தது. இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் மிச்சம் ஆறு மாதம் போயிருக்காது.

இரண்டாவது முறை உலோகங்களின் பெயரைச் சொல்லியே கேட்டோம். வெளியூர் லேப், 5,400 ரூபாய், கூரியரில் நான்கு நாள். வந்த ரிப்போர்ட் சந்தோஷமாக இருந்தது: இரும்பு 0.1, மற்ற எல்லாவற்றுக்கும் 'கண்டறியும் அளவுக்குக் கீழே'. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம். அது பொய்யான நிம்மதி, இரண்டு காரணங்களால். முதலாவது, ஒரே கிணற்றில் 0.6 இருந்த இரும்பு எப்படி 0.1 ஆகும்? கிணற்றடியில் கரைந்து கிடக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரிந்து பாட்டிலின் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொள்கிறது. போகும்போது ஈயத்தையும் ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அமிலம் சேர்க்காமல் நான்கு நாள் வைத்த பாட்டிலில் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அவர்கள் அளந்தார்கள். இரண்டாவது, ரிப்போர்ட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஈயத்தின் கண்டறியும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று இருந்தது. தரம் அனுமதிப்பது 0.01. அதாவது வரம்பைப் போல நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் அந்த மெஷினின் கணக்கில் 'இல்லை'. சுடர் முறை அணு உறிஞ்சல் கருவியில் ஈயம், காட்மியத்துக்கு இந்தச் சிக்கல் வரும். கிராஃபைட் உலை உள்ள கருவியோ, அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியோ வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: எந்தக் கருவி, ஒவ்வொரு உலோகத்துக்கும் அளவிடக்கூடிய குறைந்தபட்ச எண் என்ன? அது தரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். பத்தில் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உண்டு என்றால் போதாது; 'தண்ணீரில் ஈயம்' என்ற வரி அந்த அங்கீகாரப் பட்டியலில், எந்த அளவிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வரம்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்: ஈயம் 0.01, ஆர்சனிக் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05, யுரேனியம் 0.03, இரும்பு 1.0. மாங்கனீசு 0.1 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 0.3 வரை. செம்பு அதேபோல 0.05, 1.5. துத்தநாகம் 5, 15. சில லேப் மைக்ரோகிராமில் கொடுக்கும். அதை ஆயிரத்தால் வகுத்தால் மில்லிகிராம். அலகைப் பார்க்காமல் '20' என்ற எண்ணைக் கண்டு நடுங்கியவர்களும் உண்டு, '0.02' என்று கண்டு சும்மா இருந்தவர்களும் உண்டு. ஈயத்தில் இரண்டும் ஒன்றேதான்.

மூன்றாவது முறை பாட்டிலை லேபே கொடுத்தது. முந்தின இரண்டு முறையும் எதில் பிடித்தோம் என்று அங்கிருந்த பெண் கேட்டார். சொன்னதும், "சார், அதை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க" என்றார். முதன்முதலாக ஒருவர் சரியாகப் பேசினார். ஆனால் பிடித்த இடம் பழையபடி அடுக்களைக் குழாய், நேரம் விடியற்காலை. ஈயம் 0.020 என்று வந்தது. வரம்பைப் போல இரண்டு மடங்கு. காட்மியம் 0.0005, மாங்கனீசு 0.25. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் ஒரு மணி நேரம் பேசவில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கினோம். 17,500 ரூபாய்க்கு ஆர்.ஓ. மெஷின் வந்தது. 80,000 செலவாகும் என்று போர் (ஆழ்துளைக் கிணறு) போட ஆள் பார்த்தோம். நல்லவேளை, போர் வண்டி வர ஒரு மாதம் தாமதமானது.

ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்டு கொடுத்துக் காட்டுவார்கள். கிணற்றுத் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரையும் இரும்பு. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்டு ஓடிக் கம்பி அரிக்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் கரண்டு ஓடுவதில்லை. கன உலோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டி.டி.எஸ். மீட்டரும் அப்படியே: 85 மில்லிகிராம் உப்பில் 0.02 மில்லிகிராம் ஈயத்தை அது எங்கே காட்டப் போகிறது? ஆர்.ஓ. ஈயத்தைப் பெருமளவு எடுக்கும் என்பது உண்மை, ஆனால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. 85 டி.டி.எஸ். உள்ள தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் இன்னும் அரிக்கும் தன்மையோடு வெளியே வரும். அதைப் பித்தளைக் குடத்தில் பிடித்து வைத்தால் என்ன பயன்? கொதிக்கவைப்பதும் வேண்டாம். தண்ணீர் வற்றும், உலோகம் வற்றாது.

நான்காவது முறைதான் செய்ய வேண்டியபடி செய்தோம், 13,600 ரூபாய். அதை மட்டும் முதலிலேயே செய்திருந்தால் போதும். ஒரே நாளில் நான்கு மாதிரிகள். ஒன்று, ராத்திரி முழுவதும் திறக்காத அடுக்களைக் குழாயில் விடியற்காலை வரும் முதல் தண்ணீர். இரண்டு, அதே குழாயை ஐந்து நிமிடம் முழுவதும் திறந்துவிட்ட பிறகு. மூன்று, கிணற்றிலிருந்து நேரடியாக: நைலான் கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் பாட்டில், சுத்தமான பாலித்தீன் உறையில் சுற்றிய கல் எடைக்கு, மோட்டாரை அரை மணி ஓடவிட்டு நிறுத்திய பிறகு நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே, அடிச் சேறு கலங்கக் கூடாது. துருப்பிடித்த தகர வாளியோ பித்தளைப் பாத்திரமோ கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. நான்காவது வெற்று மாதிரி: லேபே கொடுத்த அயனி நீக்கிய தண்ணீரை அதே இடத்தில், அதே மாதிரிப் பாட்டிலில் ஊற்றி, அதே அமிலம் சேர்த்து அனுப்புவது. அதில் உலோகம் வந்தால் அது பாட்டிலிலிருந்தோ அமிலத்திலிருந்தோ நம் கையிலிருந்தோ வந்தது என்று அர்த்தம். கையுறை போடுவதாக இருந்தால் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. பவுடர் போட்ட ரப்பர் கையுறையிலிருந்து துத்தநாகம் கலந்துவிடும்.

பாட்டில் எச்.டி.பி.இ. அல்லது பாலிபுரோப்பிலின் பிளாஸ்டிக், பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து அயனி நீக்கிய தண்ணீரில் கழுவியது. அரை லிட்டருக்கு அடர் நைட்ரிக் அமிலம் சுமார் ஒரு மில்லி, பி.எச். 2-க்குக் கீழே வர வேண்டும். அதைப் பார்க்க பி.எச். தாளைப் பாட்டிலுக்குள் விடாதீர்கள், மூடியில் ஒரு சொட்டு ஊற்றித் தாளில் தொடுங்கள். கடினத் தண்ணீருக்கு அமிலம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அமிலம் சாதாரணக் கடைச் சரக்காக இருக்கக் கூடாது, அதிலேயே ஈயமும் இரும்பும் இருக்கும். கண்ணையும் தோலையும் பொசுக்கும் சாமான் அது. பழக்கம் இல்லாதவர்கள் முன்கூட்டியே அமிலம் போட்ட பாட்டிலை லேபில் கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. அப்படி வாங்கிய பாட்டிலைத் தண்ணீர் விட்டு அலசவும் கூடாது, நிரம்பி வழியவிடவும் கூடாது. பதப்படுத்திய மாதிரி ஆறு மாதம் தாங்கும், பாதரசம் மட்டும் 28 நாள். ஆறு இணைதிறன் குரோமியம் தனியாக வேண்டும் என்றால் இந்தப் பாட்டில் உதவாது. அமிலம் சேர்க்காமல், குளிரில் வைத்து, ஒரு நாளுக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

செம்மண் கலங்கல் உள்ள கிணற்றுக்கு இன்னொரு விஷயம். கலங்கலோடு அமிலத்தை ஊற்றினால் மண் துகளில் இருக்கும் இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, ஈயம் எல்லாம் கரைந்து எண் எகிறும். அதனால் கிணற்று மாதிரியை இரண்டாக எடுங்கள்: ஒன்று அப்படியே, இன்னொன்று 0.45 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டியில் வடித்த பிறகு அமிலம் சேர்த்தது. வடிகட்டுவது முதலில், அமிலம் பிறகு. மாற்றிச் செய்தால் வடித்ததற்கு அர்த்தம் இல்லை. நாம் குடிப்பது முதல் பாட்டில், நிலத்தடி நீரின் உண்மை நிலை இரண்டாவது பாட்டில். கிணறு இறைத்துச் சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ போட்டிருந்தால் ஒரு மாதமாவது கழியட்டும்.

போர் என்றால் கணக்கு வேறு. குழாயில் தேங்கி நின்ற பழைய தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்தால் கேசிங்கும் மோட்டாரும் கொடுத்த உலோகம்தான் வரும். ஆறரை இன்ச் போரில் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 200 அடி போர், நீர்மட்டம் 40 அடி என்றால் 160 அடித் தண்ணீர், 1,040 லிட்டர். அதைப் போல மூன்று மடங்கு வெளியேற்ற, நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் மோட்டார் 78 நிமிடம் ஓட வேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்றால், வாழைக்குத் திருப்பிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.எச்., மின்கடத்துத்திறன் பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து பி.எச். 0.1-க்குள்ளும் கடத்துத்திறன் மூன்று சதவீதத்துக்குள்ளும் நின்றால் பிடிக்கலாம். டேங்குக்குப் போகும் முன்னால் உள்ள குழாயில்தான் பிடிக்க வேண்டும்.

முடிவு வந்தது. ஈயம் முதல் தண்ணீரில் 0.023, ஐந்து நிமிடம் திறந்த பிறகு 0.004, கிணற்றில் 0.0006, வெற்று மாதிரியில் அளவிடும் எண்ணுக்குக் கீழே. கிணற்றில் ஈயம் இல்லவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிளம்பர் அண்ணன் வந்து அடுக்களைக்குப் போகும் பத்தடி பழைய ஜி.ஐ. பைப்பையும் பித்தளைக் குழாயையும் கழற்றிக் காட்டினார்; குழாயின் உட்பக்கம் அரித்துச் சொரசொரப்பாக இருந்தது. மாற்ற ஆன செலவு 2,900 ரூபாய். அதைக் கேட்டபோது சந்தோஷத்தைவிட அழுகைதான் வந்தது. அதுவரை குடித்த தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈயம் பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதற்கு நடுவே மூன்றாவது ரிப்போர்ட்டை வைத்து ஒருவர் கன உலோக மாசுக் குறியீடு கணக்கிட்டுத் தந்தார்: 63. நூறுக்குக் கீழே, ஆகவே தண்ணீர் நல்லது என்றார். ஈயம் இரண்டு மடங்கு இருக்கும்போது எப்படி நல்லது? அந்தக் குறியீட்டில் ஒவ்வொரு உலோகத்துக்கும் எடை, அதன் வரம்பின் தலைகீழ். காட்மியத்துக்கு 333, ஈயத்துக்கு 100, மாங்கனீசுக்கு 10. காட்மியம் மிகக் குறைவாக இருந்ததால் மொத்தச் சராசரியைக் கீழே இழுத்துவிட்டது. அதே தண்ணீரை, காட்மியத்தை 0.003 வரைதான் அளக்கத் தெரிந்த லேபில் கொடுத்து, 'அதற்குக் கீழே' என்று வந்த இடத்தில் 0.003 என்றே போட்டுக் கணக்கிட்டால் குறியீடு 126. தண்ணீர் மாறவில்லை, எண் மட்டும் இரண்டு மடங்கு. நூறு கிணறுகளை வரைபடத்தில் ஒப்பிட அது பயன்படலாம். ஒரு வீட்டுக் கிணற்றுக்கு ஒவ்வொரு உலோகத்தையும் அதன் வரம்போடு தனித்தனியே வைத்துப் பார்ப்பதுதான் சரி.

மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது மோனசைட் மணலைப் பற்றி. மோனசைட்டில் அதிகம் இருப்பது தோரியம். அது தண்ணீரில் எளிதில் கரையாது, துகளோடு ஒட்டிக் கிடக்கும். காற்றோட்டமுள்ள, பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் யுரேனியம் கரையும், அதனால்தான் அதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். கதிரியக்கம் வேறு பரிசோதனை, லிட்டருக்கு மொத்த ஆல்பா 0.1, மொத்த பீட்டா 1.0 பெக்கரல் என்ற வரம்புகளோடு தனியாகக் கேட்க வேண்டும். கடலோரத்தில் வேறொரு பொறியும் உண்டு. உப்பு ஏறிய தண்ணீரில் உள்ள குளோரைடு, ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிக்குள் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து ஆர்சனிக்கின் அதே நிறை 75-இல் நிற்கும். இல்லாத ஆர்சனிக் இருப்பதாக வரும். குளோரைடு அதிகமாக இருந்து ஆர்சனிக் வந்தால், ஹீலியம் மோதல் அறை போட்டு அளந்தீர்களா என்று கேளுங்கள். கேட்டதும் பதில் சொல்லும் லேப் நல்ல லேப்.

எங்கள் கிணற்றில் மிச்சம் இருப்பது மாங்கனீசு. மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண், 0.24, 0.25, 0.25, ஆகவே இது பைப் கொடுத்தது இல்லை, நிலம் கொடுப்பது. வெறுமனே காற்றுப் படவிட்டால் இரும்பு பிரியும், இந்த பி.எச்.சில் மாங்கனீசு அசையாது. முதலில் சுண்ணாம்புக் கல் சில்லுகள் நிரப்பிய தொட்டி வழியாக விட்டு பி.எச்.சை உயர்த்தி, பிறகு மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மணல் வடிகட்டியில் விடுகிறோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி திறந்து சானலில் தண்ணீர் வந்தால் கிணற்றில் ஊற்று ஏறி எண்கள் மாறும் என்பதால் இரண்டு தடவை பார்ப்பதாக வைத்திருக்கிறோம்: மே கடைசியில் அணை திறப்பதற்கு முன்னால் ஒன்று, வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு ஒன்று. மே மாதத்துக்கான பாட்டில்களில் கிணறு, இடம், தேதி, நேரம், வடித்ததா இல்லையா, அமிலம் சேர்த்ததா இல்லையா என்று எழுதி ஒட்ட லேபிள் தயாராக இருக்கிறது. பாட்டியின் கிணற்றுக்கும் இரண்டு பாட்டில் சேர்த்தே வாங்கியிருக்கிறோம்.